உப்புத் தண்ணீர் ஊரில் கழிவறைக் கோப்பை மக்கர் செய்தால்

ராமேஸ்வரத்தில் எங்கள் வீட்டை ஒட்டி நாலு அறைகளை வாடகைக்கு விடுகிறோம். தீர்த்தமாட வருகிற குடும்பங்கள்தான் அதிகம். வீட்டினுடையதையும் சேர்த்தால் ஐந்து கழிவறைகள். மூன்று வெஸ்டர்ன், இரண்டு இண்டியன். ஒன்பது வருடமாக இந்த ஐந்தும் கொடுத்த தொல்லையில் எனக்குப் பாதி பிளம்பர் வேலை வந்துவிட்டது. மீதிப் பாதிக்கு ஒரு தம்பி வருவார். போன் போட்டால் அவர் கேட்கிற முதல் கேள்வி, "வாளியில ஊத்திப் பாத்தீங்களாக்கா?" என்பதுதான்.

எங்கள் பக்கம் பீங்கான் கெடுவது அபூர்வம். உப்புத் தண்ணீர் தின்கிற ரப்பரும் போல்ட்டும் கெடும், உள்ளே மணல் போய்ச் சேரும், ஐப்பசி பிறந்தால் குழி நிரம்பும். புதுக் கோப்பை வாங்கக் கடைக்கு ஓடுவதற்கு முன் இந்த மூன்றையும் பார்த்துவிட்டால் பத்துக்கு எட்டு தடவை ஓட வேண்டியிருக்காது.

எதற்கும் முன்: வாளிச் சோதனை

முக்கால் வாளித் தண்ணீரைக் கோப்பைக்குள் ஒரே மூச்சில் கவிழுங்கள். சடாரென்று இழுத்துக்கொண்டு போனால் குழாயில் குற்றமில்லை, கோளாறு பிளஷ் டேங்கில். ஏறி நின்றாலோ தயங்கித் தயங்கி இறங்கினாலோ டேங்கைத் திறக்கவே வேண்டாம், அடைப்பு கீழே இருக்கிறது. கோப்பை விளிம்பு வரை ஏற்கெனவே தண்ணீர் நிற்கிறதென்றால் இந்தச் சோதனையே வேண்டாம். குளியலறை முழுக்கக் கழுவ வேண்டிவரும்.

அறிகுறி: தண்ணீர் ஏறி நிற்கிறது, மெதுவாக இறங்குகிறது

*ஒரு கோப்பையில் மட்டும் என்றால்*

டிராப்பில், அதாவது கோப்பைக்குக் கீழே வளைந்திருக்கும் கழுத்தில், ஏதோ உட்கார்ந்திருக்கிறது. ஷாம்பு பாக்கெட், நாப்கின், சோப்புத் துண்டு என்று எல்லா ஊரிலும் சிக்குகிறவை இங்கும் சிக்கும். எங்கள் ஊரில் கூடுதலாக மணல். அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, ஈர வேட்டி சேலையோடு வந்து குளியலறையில் பிழிவார்கள். கடல் மணல் அத்தனையும் கோப்பைக்குள் போகும். தண்ணீர் ஓடினாலும் கனமான மணல் வளைவைத் தாண்டாமல் அடியிலேயே தங்கிவிடும்.

ஒரு தை அமாவாசைக்கு முந்தின இரவு மூன்றாம் நம்பர் அறையில் பதினொரு பேர். பத்து மணிக்குத் தண்ணீர் ஏறி நின்றுவிட்டது. தம்பி பாம்பனில் வேறு வேலையில் மாட்டிக்கொண்டார். ரப்பர் பம்பை வைத்து நானும் என் மகனும் மாறி மாறி அமுக்கினோம். இருபது, இருபத்தைந்து அமுக்கலுக்கு அப்புறம் குளுக்கென்று ஒரு சத்தம். முதலில் சாம்பல் நிற மணல் கலங்கி வந்தது. பின்னாலேயே ஒரு சின்னக் குழந்தையின் ஜட்டி. மறுநாளே முற்றத்தில் தரையோடு ஒரு குழாய் போட்டோம், பக்கத்தில் துணி பிழிய ஒரு கல்லும். தமிழிலும் இந்தியிலும் பலகை எழுதி வைத்தோம். அதற்கப்புறம் அந்த அறையில் மணல் அடைப்பு இரண்டே தடவைதான்.

சரி, செய்ய வேண்டியது இதுதான்:

முதலில் ரப்பர் பம்ப். அதன் வாய் முழுக்கத் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். காற்றை அமுக்கினால் பலனில்லை. அமுக்குவதை விட வெடுக்கென்று இழுப்பதுதான் வேலை செய்யும், ஏனென்றால் மணலைத் தள்ளினால் இறுகும், இழுத்தால் கலையும்.

அசையவில்லையா, ஸ்பிரிங் ஒயர் வாங்கி விடுங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். சுற்றிக்கொண்டே உள்ளே விட வேண்டும், குத்தக் கூடாது. துணி என்றால் ஒயரில் மாட்டிக்கொண்டு வரும்.

ஆசிட் ஊற்றாதீர்கள். மணலையும் துணியையும் ஆசிட் கரைக்காது. அடைத்து நிற்கும் தண்ணீரில் அது கலந்து கிடக்க, அடுத்து ஒயர் விடுகிறவர் கையிலும் கண்ணிலும் தெறிக்கும். முன்னாலேயே பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத குளியலறையில் அது மூச்சை அடைத்துவிடும்.

ஒயர் பத்தடிக்குத் தடையில்லாமல் போயும் தண்ணீர் இறங்கவில்லை, அல்லது மாதாமாதம் அதே கோப்பையே அடைக்கிறது என்றால் குழாயின் வாட்டம் தப்பு. நாலங்குலக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும். மணல் தரையில் பதித்த குழாய் ஒரு பக்கம் அமுங்கி நடுவில் தொட்டில் மாதிரி தொய்வதுண்டு. தரையை உடைத்துப் பார்க்கிற வேலை இது. பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

*எல்லாக் கோப்பையிலும் என்றால்*

வெளியே இருக்கும் சேம்பர், அதாவது கழிவுக் குழாய்கள் வந்து சேரும் சின்னத் தொட்டி, அதன் மூடியைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். பீடி, தீக்குச்சி எதுவும் பக்கத்தில் வேண்டாம். சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில். சேம்பர் பக்கமிருந்து ஒயர் விட்டால் பெரும்பாலும் தீரும். சேம்பரே நிரம்பி நின்றால் பெரும்பாலும் செப்டிக் டேங்க் நிறைந்திருக்கிறது. கடைசியாக லாரி வந்து உறிஞ்சியது எப்போது என்று யோசியுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டியது. "பத்து வருஷமா எடுத்ததே இல்ல" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் வீட்டில் டேங்க் எங்கோ உடைந்து மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கும், பக்கத்துக் கிணற்றுக்கும்தான்.

லாரிக் குழாயைத் தவிர வேறெதுவும் அந்தக் குழிக்குள் இறங்கக் கூடாது. ஆள் இறங்குவது, இறக்குவது இரண்டும் வேண்டாம். உள்ளே நிற்கும் வாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். தூக்கப் போகிறவரும் சேர்ந்து விழுவார். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் வருடச் சட்டப்படி குற்றமும்கூட.

*ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் என்றால்*

கோப்பையும் டேங்கும் ஒரு பாவமும் செய்யவில்லை, நிலத்தடி நீர் ஏறியிருக்கிறது. தீவில் பல இடங்களில் மழைக்காலத்தில் நாலடி தோண்டினாலே ஊற்று. உறை இறக்கிய குழியின் அடி திறந்திருப்பதால் வெளித் தண்ணீர் உள்ளே வந்து நிற்கும், நம் தண்ணீர் போக இடமிருக்காது.

இந்தச் சமயம் லாரியைக் கூப்பிடுவது காசைக் கடலில் போடுகிற மாதிரி. காலையில் உறிஞ்சினால் ஒன்றிரண்டு நாளில் குழி மறுபடி நிறைந்துவிடும். பிளாஸ்டிக் செப்டிக் டேங்க் புதைத்திருந்தால் இன்னும் மோசம்: உள்ளே காலியானதும் சுற்றி நிற்கும் நீர் அதைப் படகு மாதிரி மேலே தூக்கிவிடும், குழாய்கள் ஒடியும். மழை விட்டுத் தண்ணீர் வடியும் வரை புழக்கத்தைக் குறைத்து ஓட்டுங்கள். குளிக்கிற, துவைக்கிற தண்ணீர் அந்தக் குழிக்குப் போகிறதென்றால் அதைப் பிரித்துத் தென்னைக்குத் திருப்புவதே பாதி நிவாரணம்.

நிரந்தர வழி கோடையில்தான். ஆழமான குழியை விட்டுவிட்டு, அடியும் பக்கமும் பூசிய டேங்கை ஆழமில்லாமல், தரைக்கு மேலே கொஞ்சம் தூக்கிக் கட்ட வேண்டும். அப்படி உயர்த்தினால் கழிவறைத் தரையும் உயர வேண்டும், இல்லாவிட்டால் வாட்டம் கிடைக்காது. கொத்தனார், பிளம்பர் இருவரையும் ஒரே நாளில் நிறுத்திப் பேசுங்கள். தனித்தனியாகப் பேசினால் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவார்கள். டேங்கிலிருந்து வடியும் நீர் இறங்குகிற இடம் குடிநீர்க் கிணற்றிலிருந்து 60 அடியாவது தள்ளி இருக்கட்டும்.

அறிகுறி: வாளியில் ஊற்றினால் போகிறது, பிளஷ் அமுக்கினால் போகவில்லை

டேங்க் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். உள்பக்கம் கோடு போட்டிருக்கும். அதற்குக் கீழே இருந்தால் மிதவையின் திருகை ஏற்றிவிட்டால் போதும்.

மட்டம் சரியாக இருந்தும் வேகமில்லை என்றால் கோப்பை விளிம்புக்கு அடியில் ஒரு சின்னக் கண்ணாடியைக் காட்டிப் பாருங்கள். தண்ணீர் இறங்கும் ஓட்டைகள் வெள்ளையாக அடைத்திருக்கும். போர் தண்ணீரின் சுண்ணாம்பு அது. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு 100 கிராம் வாங்கி ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரையுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், பீங்கான் விரியும். பழைய துணிக் கீற்றுகளை அதில் நனைத்து விளிம்புக்கு அடியில் ஒட்டவைத்து ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் பழைய டூத் பிரஷ். முதல் தடவை பாதிதான் போகும். மூன்று ராத்திரி செய்தால் ஓட்டைகள் கண் திறக்கும்.

அறிகுறி: டேங்கிலிருந்து ஓயாமல் தண்ணீர் ஓடுகிறது

குடிதண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் ஊரில், ராத்திரி முழுக்க மோட்டார் தண்ணீர் கோப்பை வழியே போவதைப் பார்த்தால் வயிறு எரியும். சத்தமில்லாத ஒழுக்கைக் கண்டுபிடிக்கத் துணிக்குப் போடும் சொட்டு நீலம் போதும். டேங்கில் பத்துச் சொட்டு விட்டு, அரை மணி நேரம் யாரும் பிளஷ் அமுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பைக்குள் நீலம் இறங்கியிருந்தால் ஒழுகுகிறது.

*டேங்க் நிறைந்து, நடுக்குழாயின் வாய் வழியாக வழிகிறது:* மிதவை மேலே வந்தும் தண்ணீரை அடைக்கவில்லை. மட்டத்தை நடுக்குழாயின் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே வருகிற மாதிரி இறக்குங்கள். அப்படியும் நிற்காவிட்டால் மிதவை வால்வின் வாஷரில் மணல் துகள் இருக்கும். ஆங்கிள் காக்கை, அதாவது டேங்குக்குத் தண்ணீர் வரும் சுவர்த் திருகை, மூடி, வால்வைக் கழற்றிக் கழுவி மாட்டுங்கள்.

*மட்டம் தானாகக் கீழே இறங்குகிறது:* அடி வாஷர். பெரும்பாலான டேங்குகளில் நடு வால்வைக் கால் சுற்றுத் திருப்பினால் கையோடு வந்துவிடும். அடியில் இருக்கும் ரப்பர் வளையம் உப்பி, பிசுபிசுவென்று கறுப்பாகக் கையில் ஒட்டினால் அதன் ஆயுள் முடிந்தது. பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். எல்லாம் ஒன்று போலவே தெரியும், ஒன்றும் பொருந்தாது.

இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை இந்த வாஷர்களை மாற்றுவதை இந்தக் கடற்கரையில் வீட்டு வேலைகளில் ஒன்றாகவே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். சுவருக்குள் புதைத்த டேங்க் என்றால் பட்டன் தட்டைக் கழற்றி அதன் வழியே கை விட வேண்டும். பழக்கமில்லாதவர்கள் பிளம்பரிடம் விட்டுவிடுங்கள்.

டேங்க் நிறையவே கால் மணி நேரம் ஆகிறதா? ஆங்கிள் காக்குக்கும் டேங்குக்கும் நடுவிலுள்ள குழாயைக் கழற்றுங்கள். சின்ன வலை இருக்கும், மணல் அடைத்திருக்கும். கழுவி மாட்டினால் முடிந்தது.

அறிகுறி: நாற்றம்

*பூட்டிக் கிடந்த அறையில்:* கோப்பையின் கழுத்தில் நிற்க வேண்டிய இரண்டங்குலத் தண்ணீர் வற்றிவிட்டது. அந்தத் தண்ணீர்தான் குழியின் நாற்றத்துக்கு மூடி. தரையிலுள்ள நஹானி டிராப்பும் இதே மாதிரி வற்றும், அதை யாரும் நினைப்பதில்லை. இரண்டிலும் தண்ணீர் ஊற்றுங்கள். மாதக்கணக்கில் வெளியூர் போவதென்றால் மேலே ஒரு கரண்டி பழைய எண்ணெய் விட்டால் வற்றுவது தாமதப்படும்.

*பிளஷ் செய்ததும் குடுகுடுவென்று சத்தமும் நாற்றமும்:* காற்றுக் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள். கொசு வராமல் இருக்க இரும்பு வலை கட்டியிருப்பார்கள். உப்புக் காற்றில் அது துருப்பிடித்துப் பொடியாகிக் குழாய்க்குள்ளேயே விழுந்து கிடக்கும். எங்கள் வீட்டில் இரண்டு தடவை ஆனது. இப்போது பழைய மீன் வலைத் துண்டை மூன்று மடிப்பாக மடித்துக் கட்டியிருக்கிறேன். நைலான், துருப்பிடிக்காது. இந்த ஊரில் அதற்குப் பஞ்சமா?

*எப்போதும், கோப்பையின் அடிப்பக்கமிருந்து:* பின்னால் குழாயோடு சேரும் இணைப்பு விட்டிருக்கும். ஈரத் துணியை அந்த இடத்தில் இறுக்கிச் சுற்றி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். நாற்றம் குறைந்தால் அதுதான் காரணம். இணைப்பை மாற்றக் கோப்பையைத் தூக்க வேண்டும்; முப்பது கிலோ பீங்கானைத் தனியாளாகத் தூக்கி உடைத்துக்கொண்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். இரண்டு ஆள் வேலை, ஒருவர் பிளம்பராக இருக்கட்டும்.

அறிகுறி: கோப்பை ஆடுகிறது, அடியில் ஈரம்

முதலில் ஈரம் எங்கிருந்து என்று பார்க்க வேண்டும். சுற்றி நன்றாகத் துடைத்து, பழைய செய்தித்தாள் விரித்து, பிளஷ் செய்யுங்கள். அமுக்கும்போது மட்டும் தாள் நனைந்தால் கீழ் இணைப்பு. அமுக்காமலே நனைந்தால் ஆங்கிள் காக்கோ ஹெல்த் பாசெட் குழாயோ. டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கினால் சரியாகிவிடும்.

ஆடுவதற்குக் காரணம் போல்ட் துரு. இறுக்கப் போனால் தலை கழன்று கையோடு வரும். "ஸ்டீல் போல்ட்" என்று கடைக்காரர் கொடுப்பதை வாங்கும்போதே காந்தம் வைத்துப் பாருங்கள். இழுத்துப் பிடித்தால் முலாம் பூசிய இரும்பு, எங்கள் காற்றில் ஒரு வருடம் தாங்கினால் அதிகம். பித்தளை, அல்லது காந்தம் ஒட்டாத ஸ்டீல் கேளுங்கள். ஆடுகிற கோப்பையை அப்படியே விட்டால் இணைப்பு ரப்பர் நசுங்கிக் கிழியும். நூறு ரூபாய் வேலை தரை உடைக்கிற வேலையாகும். பீங்கானில் மயிரிழை விரிசல் தெரிந்தால் எந்தப் பசையும் வேண்டாம். உட்காருகிறவர் எடையில் உடைந்தால் கத்தி மாதிரி வெட்டும். உடனே மாற்றுங்கள்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

அம்மாவுக்கு மூட்டுவலி வந்தபோது இண்டியனை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் போட்டோம். நானே அளந்தேன், நானே வாங்கினேன். கழிவுக் குழாயின் நடுப்புள்ளி சுவரிலிருந்து 12 அங்குலம்; நான் வாங்கி வந்தது 9 அங்குலக் கோப்பை. பொருத்திப் பார்த்தால் டேங்குக்கும் சுவருக்கும் நடுவில் மூன்றங்குலச் சந்து. பில்லைத் தொலைத்திருந்தேன். அந்தச் சந்தில் இன்றைக்கும் ஒரு பல்லி குடியிருக்கிறது. அம்மா அதோடு பேசுவார்.

அதனால் கடைக்குப் போகும் முன் மூன்றைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குழாய் தரைக்குள் இறங்குகிறதா, சுவருக்குள் போகிறதா: தரை என்றால் எஸ் டிராப், சுவர் என்றால் பி டிராப். தரை என்றால் டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து ஓட்டையின் நடுப்புள்ளி எத்தனை அங்குலம். வெறுஞ்சுவரிலிருந்து அளந்தால் டைல்ஸும் கலவையும் சேர்ந்து ஓர் அங்குலத்தைத் தின்றுவிடும். சுவர் என்றால் முடித்த தரையிலிருந்து குழாயின் நடுப்புள்ளி எவ்வளவு உயரம். ஏழு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே இருப்பதுதான் வழக்கம்.

கடையில் சைபானிக், வாஷ்டவுன் என்று இரண்டு வகை காட்டுவார்கள். சைபானிக் சத்தமில்லாமல் அழகாக இழுக்கும், ஆனால் அதன் கழுத்து குறுகல். மணல் போகிற வீட்டுக்கு வாஷ்டவுன்தான். சுவரில் தொங்கும் மாடலும் புதைத்த டேங்கும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உப்பு அரித்து உதிரும் சுவரில் அவ்வளவு எடையைத் தொங்கவிட எனக்கு மனசு வரவில்லை. வெளியே தெரிகிற பிளாஸ்டிக் டேங்க், பக்கத்துக் கடையிலேயே வாஷர் கிடைக்கிற கம்பெனி, அவ்வளவுதான் என் கணக்கு. உட்காரும் உயரம் 16 அங்குலம் சாதாரணம், மூட்டுவலிக்காரருக்கு 17, 18 நல்லது. குந்த முடிகிறவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இண்டியனே போதும். டேங்க் இல்லாமல் வாளியிலேயே ஓடும், கெட ஒன்றுமில்லை.

வாஸ்து பார்த்துத் திசையைத் திருப்பச் சொன்னால் குழாயில் எத்தனை பெண்டு, அதாவது வளைவு, கூடும் என்று பிளம்பரிடம் கேளுங்கள். ஒவ்வொரு பெண்டும் மணலுக்கு ஒரு திண்ணை.

பொருத்தும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள். முதலில் ஒட்டாமல், சும்மா வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே ரசமட்டம் வையுங்கள். போல்ட் ஓட்டையைக் குறித்து, கோப்பையை எடுத்துவிட்டுத்தான் டிரில் போட வேண்டும். கோப்பைக்கு அடியில் சிமெண்ட் போட்டு உட்காரவைக்கிறேன் என்றால் வெஸ்டர்னுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடுத்த தடவை கழற்றும்போது பீங்கான் உடைந்துதான் வரும். போல்ட்டை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். சிலிக்கானைச் சுற்றிப் போடும்போது பின்பக்கம் இரண்டங்குலம் விட்டுவிடச் சொல்லுங்கள். பின்னாளில் கீழே கசிந்தால் அந்த வழியாகத் தண்ணீர் வெளியே வந்து காட்டிக்கொடுக்கும். முழுக்க அடைத்தால் டைல்ஸுக்கு அடியில் ஊறிக்கொண்டே இருக்கும்.

சிலிக்கான் காய ஒரு நாள் விடுங்கள். மறுநாள் பத்துத் தடவை பிளஷ் செய்து, செய்தித்தாள் நனைகிறதா என்று பார்த்துவிட்டுப் பிளம்பருக்கு மீதிக் காசைக் கொடுங்கள்.